ஒரு பிள்ளையும் விடுபடாமல், ஒரு குப்பியும் வீண்போகாமல்

தடுப்பூசி போடும் நாள் முடிந்த பின்னேரம், கிளினிக் மேசையில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் சில மிஞ்சிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் ஒன்றில் இன்னும் ஐந்தாறு பிள்ளைகளுக்குப் போதுமான மருந்து இருக்கலாம். ஆனால் அடுத்த கிழமைக்கென்று அதை எடுத்து வைக்க முடியாது. அன்றே அழிப்பதற்கு அனுப்ப வேண்டும்.

எத்தனையோ கடல் தாண்டி, குளிர் குறையாமல் காத்து, கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கும் அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்கும் கொண்டுவரப்பட்ட மருந்து அது. அதே வேளையில், அந்த ஊசி போடப்படாத பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூப்பிடு தூரத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தியின் தாய் வேளாண்மை வெட்டுக்குப் போயிருப்பாள். இன்னொருத்தியின் தாய் வெளிநாட்டில் இருப்பாள், பிள்ளை அம்மம்மாவிடம். வேறொருத்திக்கு இன்று கிளினிக் என்பதே தெரியாது.

மருந்து வீண்போவதும் பிள்ளை விடுபடுவதும் வெவ்வேறு பிரச்சினைகள் போலத் தோன்றும். பெரும்பாலும் அவை ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ஊசி மிச்சமிருக்கிறது என்ற விபரம் கையில் இருந்தால் இரண்டையும் குறைக்கலாம். அந்த விபரத்தை முதலில் அறிபவர்கள் பெண்களாகிய நாம்தான். ஆகவே இது வைத்தியரும் தாதியும் மட்டும் கவனிக்க வேண்டிய விடயம் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

குப்பிக்குள் இருக்கும் கணக்கு

பல தடுப்பூசிகள் ஒரு குப்பியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று வருவதில்லை. ஒரு பிள்ளைக்குரிய அளவை ஒரு டோஸ் என்பார்கள். சின்னமுத்துக்கு எதிரான ஊசி மருந்து பெரும்பாலும் பத்து டோஸ் குப்பியில் வருகிறது. பிறந்தவுடன் கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. இருபது டோஸ் குப்பியில் வருகிறது. பெரிய குப்பி விலை குறைவு, குளிர்சாதனப் பெட்டியில் பிடிக்கும் இடமும் குறைவு. அதனால்தான் ஏழை நாடுகள் அதை வாங்குகின்றன.

திறந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. சின்னமுத்து ஊசியும் பி.சி.ஜி.யும் தூளாக வருபவை. கிளினிக்கில் வைத்துத்தான் அதற்குரிய கரைசலைச் சேர்த்துக் கலக்குவார்கள். கலக்கிய பின் ஆகக் கூடியது ஆறு மணித்தியாலம், அல்லது அன்றைய கிளினிக் முடியும் நேரம், இவற்றில் எது முந்தி வருகிறதோ அதோடு அந்தக் குப்பியின் ஆயுள் முடிந்துவிடும். அதில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை.

திரவமாகவே வரும் மருந்துகள் சில அப்படியல்ல. போலியோ சொட்டு மருந்து, ஏற்புவலித் தடுப்பூசி, ஐந்து நோய்களுக்கு எதிரான ஐங்கூட்டு ஊசி போன்றவற்றில் உலக சுகாதார நிறுவனம் அதற்கென அங்கீகரித்த குப்பிகளைத் திறந்த பின்னும் 28 நாட்கள் வரை பாவிக்கலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. காலாவதித் திகதி கடந்திருக்கக் கூடாது. எந்நேரமும் உரிய குளிரில் இருந்திருக்க வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரில் குப்பி மூழ்கியிருக்கக் கூடாது. எந்தக் குப்பியை வைத்திருக்கலாம், எதை அழிக்க வேண்டும் என்பது தெரியாமல் எல்லாவற்றையும் எறிந்தால், நல்ல மருந்தும் வீணாகிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு குறிச்சியில் 13 பிள்ளைகளுக்குச் சின்னமுத்து ஊசி போட வேண்டும். பக்கத்துக் குறிச்சியில் 7 பிள்ளைகள். தனித்தனியாகப் போட்டால் முதல் இடத்தில் 2 குப்பி, அடுத்த இடத்தில் 1 குப்பி திறக்க வேண்டும். மொத்தம் 30 டோஸ். போட்டது 20, வீண்போனது 10. திறந்த மருந்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டு குறிச்சிப் பிள்ளைகளும் ஒரே இடத்துக்கு ஒரே நாளில் வந்திருந்தால் 2 குப்பி போதும். ஒன்றும் வீண்போயிராது.

உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி நூலொன்று, உலகில் தடுப்பூசி மருந்தின் பாதிக்கும் மேல் வீணாவதாகக் குறிப்பிட்டது. திறந்த குப்பியில் மிஞ்சுவது அதில் ஒரு பகுதி. திறக்காமலே கெட்டுப்போவது இன்னொரு பகுதி. காலாவதியாகும் வரை அலுமாரியில் கிடப்பது, வெயிலில் சூடாவது, அளவுக்கு மேல் குளிர்ந்து உறைந்துபோவது என்று அதற்குக் காரணங்கள் பல. உறைவது நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. ஐங்கூட்டு ஊசி, ஏற்புவலி ஊசி, கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி ஆகியவை ஒருமுறை உறைந்தால் பயனற்றுப் போகும். அதனால்தான் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் படத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தை விட வெளிறியிருந்தால் மருந்து சூட்டினால் கெடவில்லை. சதுரம் வட்டத்தின் நிறத்துக்கே கறுத்துவிட்டால் அதைப் பாவிக்கக் கூடாது. இந்த அடையாளம் 1996இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் முதலில் வந்தது. அதற்கு முன், சூடு பட்டிருக்குமோ என்ற ஐயத்திலேயே நல்ல மருந்தையும் கொட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பார்த்து விளங்கிக்கொள்ளக் கூடிய அடையாளம் இது. அதைக் காட்டும்படி கேட்பதில் தவறே இல்லை.

யுத்தத்துக்கு நடுவே வந்த சொட்டு மருந்து

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்கும் பெரிய இயக்கம் எமக்குப் புதிதல்ல. 1995இல் இலங்கையில் தேசிய நோய்த்தடுப்புத் தினங்கள் தொடங்கின. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் குறித்த நாட்களில் போலியோ சொட்டு மருந்து. அப்போது வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் இரு தரப்பும் தாக்குதலை நிறுத்தி வழிவிட இணங்கின. யுனிசெப் நிறுவனம் இதற்காகப் பாடுபட்டது. அமைதி நாட்கள் என்று அவற்றுக்குப் பெயர். 1985இல் எல் சல்வடோர் நாட்டில் உள்நாட்டு யுத்தத்தின் நடுவே பிள்ளைகளின் ஊசிக்காக இப்படி மூன்று நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த வழியைத்தான் இங்கும் பின்பற்றினார்கள்.

இலங்கையில் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட இளம்பிள்ளைவாத நோயாளி 1993இல் கண்டறியப்பட்டவர். 2014 மார்ச் 27 அன்று எமது நாடு உட்பட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இத்தனை இழப்புக்கு நடுவிலும் எமது தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றதற்கும் இந்த வெற்றியில் பங்குண்டு.

அந்த நாட்களில் மருந்தை எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சோதனைச் சாவடி தாண்டி ஒருமுறைதான் போகலாம். படுவான்கரைக்குப் போக வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலம், அல்லது குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமன்வெளி–மண்டூர் போன்ற துறைகளில் பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். கொண்டுபோனது போதாவிட்டால் திரும்பி வந்து எடுத்துப்போக வழியில்லை. ஆகவே கூடுதலாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரிய தடுப்பூசி இயக்கங்களில் 100 பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 111 டோஸ் என்று கணக்கிட்டு அனுப்புவது வழக்கம். பத்து வீதம் வீண்போகும் என்று எதிர்பார்த்துச் செய்யும் ஏற்பாடு அது. இதை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும். ஓரளவு வீண்போவது குற்றமல்ல. கடைசிப் பிள்ளை வரும் வரை மருந்து இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் விலை அது. குறைக்க வேண்டியது அதற்கு மேலே போகும் வீண்செலவைத்தான்.

எண்ணிக்கை தொலைந்த ஊர்கள்

செட்டிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மட்டக்களப்பு–கல்முனை வீதி. வடக்கே குருக்கள்மடம், தெற்கே மாங்காடு, தேற்றாத்தீவு. இப்படிப்பட்ட ஊரில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது அரசின் கணக்கு. நாம் மிட்வைப் என்று அழைப்பவர். கர்ப்பிணிகள், பிறந்த பிள்ளைகள், ஊசி போட்ட திகதிகள் எல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, அதாவது கிளினிக் கொப்பி, தாயின் கையில் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால், வரும் மாதம் எத்தனை பிள்ளைக்கு எந்த ஊசி என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கேற்பவே குப்பி எடுத்து வரலாம்.

அமைதியான நாட்டில் இது எளிது. எமக்கு என்ன நடந்தது? 2004 டிசம்பர் 26 கடல் பொங்கி வந்தது. கரையோர வீடுகளோடு கொப்பிகளும் போயின. 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் ஷெல்லடிக்குத் தப்பி வாவி கடந்து எழுவான்கரைக்கு வந்தன. அந்நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். முகாமுக்கு முகாம் மாறும்போது ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு இடத்தில் பதியப்படும், இன்னொரு பிள்ளையின் பெயர் எங்குமே இராது. இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் மருந்து மிஞ்சும். எங்குமே பெயர் இல்லாவிட்டால் பிள்ளை விடுபடும். மருந்து வீண்போவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் எண்ணிக்கை குழம்புவது நிற்கவில்லை. தாய் மத்திய கிழக்குக்குப் போவாள், பிள்ளை வேறு ஊரில் உள்ள பெத்தாவிடம் போகும். திருமணமாகித் தாய்வீட்டுக்கு அருகே குடிவருவார்கள், பழைய ஊர்ப் பதிவேட்டில் பெயர் அப்படியே நிற்கும். கணவனை இழந்த பெண் கூலி வேலை கிடைக்கும் இடத்துக்குப் பிள்ளைகளுடன் நகர்வாள்.

இதன் விளைவை அண்மையில் நாடே கண்டது. 2019 யூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023 மே தொடக்கம் நோய் மறுபடியும் தலைகாட்டியது. ஊசி தவறிய பிள்ளைகளுக்காக 2024 சனவரி 6 அன்று ஒன்பது சுகாதார மாவட்டங்களில் விசேட தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. எமக்கு அடுத்துள்ள கல்முனையும் அதில் ஒன்று. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை, ஒன்றோ இரண்டோ ஊசி தவறியவர்கள் வர வேண்டும் என்றார்கள்.

இப்படி விடுபட்டவர்களைத் தேடும் இயக்கத்தில்தான் கணக்கிடுவது மிகக் கடினம். எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டுமென்றால் ஊர்ச் சனத்தொகையைக் கொண்டு மதிப்பிடலாம். தவறியவர்கள் மட்டும் வர வேண்டுமென்றால் யார் தவறினார்கள் என்று வீடு வீடாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஓரிடத்தில் மூன்று பிள்ளைக்காகப் பத்து டோஸ் குப்பி திறக்கப்படும், இன்னோரிடத்தில் குப்பி போதாமல் தாய்மார் திரும்பிப் போவார்கள்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நடந்தது

மருந்து தட்டுப்பாடாக இருந்த காலத்தில் ஒவ்வொரு டோஸின் பெறுமதியையும் கொரோனா எமக்குக் கற்பித்தது. இலங்கையில் 2021 சனவரி 29 அன்று, இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 லட்சம் டோஸ் அஸ்ட்ராசெனகா மருந்தோடு ஊசி போடத் தொடங்கினார்கள். பின்னர் இந்தியாவில் நோய் பெருகியபோது அங்கிருந்து மருந்து வருவது நின்றுபோனது. முதல் ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேருக்கு இரண்டாவது ஊசி இல்லை. யூலை இறுதியில் யப்பானிலிருந்து மருந்து வரும் வரை அவர்கள் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் குப்பியின் அடியில் மிஞ்சும் ஒரு டோஸ் என்றால் ஒரு மனிதரின் காத்திருப்பு முடிவது என்று அர்த்தம்.

அதே காலத்தில் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2021 மே மாதத் தொடக்கம் வரை அந்த மாநிலம் பெற்றுக்கொண்டது 73,38,806 டோஸ். போட்டது 74,26,164 டோஸ். வாங்கியதை விடக் கூடுதலாகப் போட்டது எப்படி? ஊசியிலும் குப்பியிலும் ஒட்டிப் போகும் என்பதற்காக, பத்து டோஸ் குப்பியில் சற்றுக் கூடுதலாகவே மருந்து நிரப்புவார்கள். தாதிமார் ஒரு துளியும் சிந்தாமல் அளவாக எடுத்து, அந்த மேலதிகத்திலிருந்து பதினோராவது டோஸையும் பெற்றார்கள். இரண்டு குப்பிகளின் மிச்சத்தை ஒன்று சேர்த்து எடுக்கவில்லை. அப்படிச் செய்வது கூடாது. ஒரே குப்பியிலிருந்து முழு டோஸ் வந்தால் மட்டுமே போட வேண்டும். அந்த மாநிலத்தின் முதலமைச்சரும் நாட்டின் பிரதமரும் தாதிமாரைக் குறிப்பிட்டுப் பாராட்டியது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டின் கதை வேறு விதம். 2021 ஏப்ரல் 11 வரையான கணக்கின்படி இந்தியா முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ் வீண்போயிருந்தது. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 12.10 வீதம். அந்தத் தொடக்க மாதங்களில் பலர் ஊசிக்குப் பயந்து தயங்கி நின்றார்கள். நாலைந்து பேர் வந்ததும் பத்து டோஸ் குப்பியைத் திறந்தால் மிச்சம் வீண்தானே. ஆனால் மே 1 முதல் யூலை 13 வரையான கணக்கில் அதே தமிழ்நாடு 5.88 லட்சம் டோஸ் கூடுதலாகப் போட்ட மாநிலமாக மாறியிருந்தது. மருந்து அதே மருந்து, குப்பியும் அதே குப்பி. தாதிமாரின் கை பழகியது, மக்களும் வரத் தொடங்கினார்கள். பத்துப் பேர் வந்து நின்றால் பத்து டோஸும் பயன்படும். தாதி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வராத ஆளுக்கு ஊசி போட முடியாது.

மிச்சம் பிடிப்பது யாருடைய செலவில்?

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மருந்து வீண்போகக் கூடாது என்று மேலிடத்திலிருந்து நெருக்கினால், கீழே இருப்பவர்கள் குப்பியைத் திறக்கப் பயப்படுவார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் குறைவு, அடுத்த மாதம் வாருங்கள் என்று தாயைத் திருப்பி அனுப்புவார்கள். பதிவேட்டில் வீண்செலவு குறையும். ஆனால் அந்தத் தாய்க்கு?

ஒரு நாட் கூலியை விட்டுவிட்டு, ஒரு பிள்ளையைத் தூக்கி இன்னொன்றைக் கையில் பிடித்து, பஸ்ஸுக்கோ ஓட்டோவுக்கோ காசு கொடுத்து வந்தவள். வீட்டில் அவளுக்குக் கைகொடுக்க ஆளில்லை. திருப்பி அனுப்பினால் அவள் மறுமுறை வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சின்னமுத்து மிக வேகமாகத் தொற்றும் நோய். அதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும். ஒன்பது டோஸ் மிச்சம் பிடித்து ஒரு பிள்ளையை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமல்ல. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும், ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறந்து ஊசி போட வேண்டும் என்கிறது. இது எமது பிள்ளைகளின் உரிமை. மேலே சொன்ன 13, 7 கணக்கிலும் இதுவே நியாயம். இரண்டு குறிச்சியையும் ஒரே இடத்துக்கு அழைப்பதால் ஏழு பிள்ளைகளில் மூன்று வராமல் போகுமென்றால், இரண்டு இடத்தில் வைப்பதே சரி.

மறுபுறத்தில், வீண்போகக் கூடாது என்று பழைய மருந்தை வைத்துப் போடுவதும் பேராபத்து. 2017 மே மாதம் யுத்தத்தில் சிதைந்த தென் சூடான் நாட்டின் ஒரு கிராமத்தில், சின்னமுத்துத் தடுப்பூசி இயக்கத்தின்போது ஐந்து வயதுக்குட்பட்ட 15 பிள்ளைகள் இறந்தார்கள். மருந்து கலக்கும் சிறிஞ்சு ஒன்றையே நான்கு நாட்களும் பாவித்திருந்தார்கள். மருந்தைக் குளிரில் வைக்கவுமில்லை. தடுப்பூசியில் குற்றமில்லை. கிருமி புகுந்த மிச்ச மருந்துதான் உயிர் குடித்தது. ஆறு மணித்தியாலத்துக்குப் பின் குப்பியை அழிக்கும் தாதி மருந்தை வீணாக்குகிறாள் என்று யாராவது சொன்னால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆக, மிச்சம் பிடிக்கும் வேலை குப்பியைத் திறக்குமுன் நடக்க வேண்டும். திறந்த பின் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிள்ளையைத் திருப்பி அனுப்புவதும், கெட்ட மருந்தை வைத்திருப்பதும் மிச்சம் பிடிப்பதாகா.

எமது கையில் உள்ளவை

மாதர் சங்கம், சிறுசேமிப்புக் குழு, விதவைகள் சங்கம் என்று எமது ஊர்களில் பெண்கள் கூடும் இடங்கள் உண்டு. கீழே உள்ளவற்றுக்குப் பெரிய பணமும் தேவையில்லை, பெரிய படிப்பும் தேவையில்லை.

1. குடும்பநல உத்தியோகத்தருக்குச் செய்தி சொல்வோம். புதிதாகக் குடிவந்த குடும்பம், ஊர் மாறிப் போன பிள்ளை, வெளிநாட்டுக்குப் போன தாய், அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை ஆகிய விபரங்கள் அவருடைய பதிவேட்டுக்குப் போய்ச் சேரட்டும். 3,000 பேரை ஒருவர் தேடித் திரிவதை விட, குறிச்சிக்கு ஒரு பெண் சொல்வது எளிது.

2. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டையோடும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் ஒன்றாக வைப்போம். வெள்ளம் வந்தாலும் ஊர் விட்டு ஓட நேர்ந்தாலும் எடுப்பது அந்த ஒரு பையைத்தான். ஊசிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. கொப்பி தொலைந்துவிட்டால் வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரும்படி கேட்கலாம்.

3. வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லி அனுப்புவோம். வருவதாக இருந்தால் ஒன்றாகவும் நேரத்தோடும் போவோம். காலையில் பத்துத் தாய்மார் சேர்ந்து போனால் ஒரு குப்பி முழுமையாகப் பயன்படும். ஒருத்தி காலையிலும் ஒருத்தி கிளினிக் முடியும் வேளையிலும் போனால் இரண்டாவது குப்பி திறக்க வேண்டி வரலாம். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிப் போகலாம், கொப்பியை மறக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

4. ஊர் நாட்காட்டியைச் சொல்லிக் கொடுப்போம். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிழமையிலும், வேளாண்மை வெட்டு உச்சத்தில் இருக்கும் நாட்களிலும் கிளினிக் வைத்தால் ஆள் வராது, மருந்து மிஞ்சும். அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் பிள்ளையை வெளியே கொண்டுபோகத் தயங்குவதும் எமது வழக்கம். இவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முன்கூட்டியே தெரிவித்தால் நாளை மாற்றலாம்.

5. மேலதிகப் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்திருப்போம். பெரிய இயக்கங்களின்போது பின்னேரம் திறந்த குப்பியில் மிஞ்சினால் யாரை அழைப்பது என்று முதலே முடிவு செய்ய வேண்டும். அருகில் இருப்பவர்கள், ஊசி தவறியவர்கள், வயதானவர்கள், வலது குறைந்தவர்கள் என்று வரிசை இருக்கட்டும். பட்டியல் இல்லாத இடத்தில் மிச்ச மருந்து செல்வாக்குள்ளவர் வீட்டுக்குத்தான் போகும்.

6. பயத்தைப் பேசித் தீர்ப்போம். ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததைக் கண்டு அடுத்த ஊசிக்குப் போகாத தாய்மார் உண்டு. அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. இலேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்து வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும் என்பதையும், வலிப்பு, மூச்சுத் திணறல், விடாத அழுகை என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்வோம்.

எமது பங்கு

2016 நடுப்பகுதியில் உலகெங்கும் போலியோ ஊசி மருந்து தட்டுப்பாடானபோது, ஒரு டோஸின் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் போட்டு, இரண்டு முறை கொடுக்கும் முறைக்கு இலங்கை மாறியது. மருந்து குறைந்தது, பிள்ளைகளை விடவில்லை. அப்படிப்பட்ட முடிவுகளை நிபுணர்கள் எடுப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியையும் ஊசியையும் சுகாதாரப் பகுதியினர் பார்ப்பார்கள். ஆனால் எந்த வீட்டு வாசலில் எத்தனை பிள்ளைகள் என்பதைக் கொழும்பிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

இடம்பெயர்ந்த நாட்களில் முகாமில் பால்மா பங்கிடும்போது, எந்தக் கூடாரத்தில் எத்தனை குழந்தை என்று கொப்பி பார்க்காமலே சொன்னவர்கள் பெண்கள்தான். யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். அதே கணக்கைக் கிளினிக் மேசைக்கும் கொண்டுபோவோம். உங்கள் குறிச்சியில் அடுத்த ஊசி நாள் எப்போது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அன்றைக்கு வரவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று பக்கத்து வீட்டு அக்காவோடும் தங்கச்சியோடும் இருந்து எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை மிட்வைப்பிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு அளவாகக் குப்பி வரும், வந்த குப்பிக்கு அளவாகப் பிள்ளைகளும் வருவார்கள்.